செய்தோம் என்பதும் செய்தேன் என்பதும்

(தொழில்முறைப் பொறியாளர் பதிவுக்கான நேர்காணலுக்கு ஆயத்தமாவது குறித்து, யாங்கூனில் இளம் தமிழ்ப் பொறியாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இந்த மழையில் இத்தனை பேர் வருவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. வாசலில் விரித்து வைத்திருக்கும் குடைகளைத் தாண்டி உள்ளே வருவதே ஒரு சர்க்கஸாக இருந்தது. என்னை அழைத்த தம்பிகள், "அண்ணே, பி.இ. இன்டர்வியூவுக்கு எப்படித் தயாராகிறது, என்ன கேட்பாங்க, என்ன பதில் சொல்லணும், அதை மட்டும் சொல்லுங்க போதும்" என்றார்கள். கேள்வி-பதில் தாள் ஒன்று அச்சடித்துக் கொண்டுவந்திருந்தால் இந்தக் கூட்டம் கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும். அப்படி ஒரு தாளை நம்பித்தான் நான் முதல் தடவை போனேன். தேறவில்லை.

ஆமாம், தேறவில்லை. அது வெளிநாட்டு அமைப்பு ஒன்றின் நேர்காணல். பெயர் எதற்கு? பிழை என்னுடையது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த பெரியவர் கையில் பென்சில். என் அறிக்கையைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பத்தியில் நின்றார். வாய்விட்டு வாசித்தார். "தூண்களின் கான்கிரீட் வலிமை குறைவாக இருப்பது கண்டறியப்பட்டது. தகுந்த சோதனைகள் மேற்கொள்ளப்பட்டன. முடிவுகள் திருப்திகரமாக இருந்ததால் பணி தொடரப்பட்டது." அங்கே ஆங்கிலத்தில் இருந்ததை உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன்.

"யார் கண்டறிந்தது?" என்று கேட்டார்.

"நாங்கள், சார்."

"நாங்கள் என்றால் யார் யார்?"

"சைட் டீம், சார்."

"சரி. வேலையைத் தொடரலாம் என்று சொன்னது யார்?"

"எல்லாரும் கலந்து பேசித்தான்..."

பென்சிலை மேசைமேல் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அரைமணி நேரம் பேச்சு நடந்தது. ஆனால் பென்சிலை வைத்த நிமிடத்திலேயே என் கதை முடிந்துவிட்டது என்பது அடுத்த மாதம் வந்த கடிதத்தைப் பார்த்தபோது தெரிந்தது. விண்ணப்பதாரர் தனிப்பட்ட பொறுப்பேற்றுச் செயல்பட்டதற்குப் போதிய சான்று இல்லை என்று ஒரே வரியில் எழுதியிருந்தார்கள்.

இனி, சைட்டில் உண்மையில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

இதே யாங்கூனில், ஏழு மாடிக் கட்டிடம். மூன்றாம் மாடித் தூண்களுக்குக் கான்கிரீட் போட்டு ஏழு நாள் ஆகியிருந்தது. 28 நாளில் 30 மெகாபாஸ்கல் வர வேண்டிய கான்கிரீட். ஏழாம் நாள் மூன்றில் இரண்டு பங்காவது, அதாவது 20ஐ ஒட்டியாவது வந்திருக்க வேண்டும். ரிசல்ட் 15 என்று வந்தது. அந்தத் தூண்களின் மேல் உட்கார வேண்டிய ஸ்லாபுக்குச் சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, மறுநாள் காலை கான்கிரீட் போடத் தயாராக இருந்தது. நான் சைட்டுக்கு ஓடினேன். கீழ்த்தளத்தில் வேறொரு வேலைக்கு வந்திருந்த மிக்ஸர் லாரியின் மேல் ஒரு பையன் ஏறி நின்று ஹோஸ் பைப்பை டிரம்முக்குள் விட்டுக்கொண்டிருந்தான். ஏனடா என்றால், "வெயில்ல இறுகிப் போச்சு, பம்புல போகமாட்டேங்குது" என்றான். தூணுக்குப் போட்ட அன்றும் அப்படித்தானா என்று கேட்டேன். மிஸ்திரி தலையைச் சொறிந்தார்.

மறுநாள் ஸ்லாபை நிறுத்தினேன். முதலாளி போனில் கத்தினார், வாங்கிக்கொண்டேன். சந்தேகப்பட்ட தூண்களில் கம்பி எங்கே ஓடுகிறது என்று கருவி வைத்துப் பார்த்து, கம்பியை அறுத்துவிடாத இடமாகச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டு, உரிய வயது வந்ததும் மூன்று கோர், அதாவது துளைத்தெடுக்கும் உருளை மாதிரி, எடுக்கச் சொன்னேன். மூன்றின் சராசரி, கேட்ட வலிமையில் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எந்த ஒன்றும் 75க்குக் கீழே போகக் கூடாது. அமெரிக்க விதிநூலும் இந்திய விதிநூலும் இந்த இடத்தில் ஒரே எண்ணைத்தான் சொல்கின்றன. எனக்கு வந்த சராசரி 88, குறைந்தது 79. தேறியது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. அந்தக் குறைந்த வலிமையையே வைத்து ஒவ்வொரு தூணுக்கும் மறுபடி கணக்குப் போட்டேன், மேலே வரப்போகும் மாடிகளின் சுமையோடு. தாங்கும் என்று வந்தது. அதற்குப் பிறகுதான் "தொடரலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இனி லாரியில் தண்ணீர் ஊற்றினால் லாரியையே திருப்பி அனுப்புவேன் என்று அடுத்த வரியில் எழுதினேன். கணக்குப் போட்ட அந்த இரண்டு இரவும் எனக்குத் தூக்கமில்லை.

இவ்வளவையும் செய்தவன், "கண்டறியப்பட்டது, மேற்கொள்ளப்பட்டன, தொடரப்பட்டது" என்று எழுதினேன். கேட்டபோது "நாங்கள்" என்றேன். ஏன்?

வளர்ப்பு அப்படி. "நான்" என்று ஆரம்பித்தால், "என்னடா நான் நான்னு" என்று தலையில் தட்டுவார்கள். பெரியவர்கள் முன்னால் "அடியேன்" என்று சொன்ன மரபு நம்முடையது. நாம் பிழைக்கும் இந்த ஊரின் மொழியைப் பாருங்கள். பர்மிய ஆண்பிள்ளை "நான்" என்பதற்குச் சொல்லும் "ஜனோ" என்ற சொல்லின் வேர் "அரசனின் அடிமை" என்பதுதான். அடியேனுக்கு அண்ணன் முறை! போதாக்குறைக்கு "ஆனாடே". இந்த ஊரில் பிறந்த யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. அடுத்தவருக்குச் சங்கடம் வரக் கூடாதே என்று தன் பேச்சைத் தானே விழுங்கிக்கொள்ளும் குணம். வீட்டில் தமிழ் அடக்கம், தெருவில் பர்மிய ஆனாடே, அலுவலகத்தில் ஆங்கிலச் செயப்பாட்டு வினை. மூன்று போர்வையையும் போர்த்திக்கொண்டு நேர்காணலுக்குப் போனால் உள்ளே ஆள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

அவர்களுக்கு அந்த ஆள்தான் வேண்டும். காரணம், பதிவு என்ற இந்த ஏற்பாடு பிறந்ததே கையெழுத்திலிருந்துதான். அமெரிக்காவில் பொறியாளருக்கு உரிமம் வேண்டும் என்ற முதல் சட்டம் 1907இல் வயோமிங் மாநிலத்தில் வந்தது. பாசனத் தண்ணீர் உரிமை கேட்டு வந்த விண்ணப்பங்களோடு வரைபடங்களும் வரும். வக்கீலும் நோட்டரியும் அவற்றை வரைந்து, "பொறியாளர்" என்று தாங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். மாநிலப் பொறியாளர் கிளாரன்ஸ் ஜான்ஸ்டன் பார்த்தார். யார் வேண்டுமானாலும் போடக்கூடிய கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்றுதான் அந்தச் சட்டமே வந்தது.

கையெழுத்து இருந்தும் பின்னால் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1981 ஜூலை 17, கன்சாஸ் சிட்டி, ஹயாத் ரீஜென்சி ஹோட்டல். கூரையிலிருந்து கம்பிகளில் தொங்கிய நடைபாலங்கள், ஒன்றின் கீழ் ஒன்று. முதல் வரைபடத்தில் ஒரே நீளக் கம்பி மேல் பாலத்தைத் துளைத்துக் கீழ்ப் பாலம் வரை போகும். அவ்வளவு நீளத்துக்கு மரை வெட்டுவது கஷ்டம் என்று ஒரு கம்பியை இரண்டாக்கினார்கள். மேல் பாலம் கூரையிலிருந்து தொங்க, கீழ்ப் பாலம் மேல் பாலத்திலிருந்தே தொங்கியது. மேல் இணைப்பின் நட்டு இப்போது இரண்டு பாலத்தின் சுமையைத் தாங்க வேண்டும். கயிற்றைப் பிடித்துத் தொங்கும் ஒருவன் காலை இன்னொருவன் பிடித்துத் தொங்குவது போல. மேலே இருப்பவன் கைக்கு இரட்டைப் பாரம். ஒரு நடன மாலையில் அது பிய்ந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். விசாரணையில் பொறியாளர் தரப்பு, இணைப்பைக் கணக்குப் பார்ப்பது இரும்பு வேலைக்காரர் பொறுப்பு என்றது. அவர்களோ, முத்திரை உங்களுடையது என்றார்கள். அந்த ஒரு கணக்கை யாருமே போட்டிருக்கவில்லை. மிசூரி மாநிலம் இரண்டு பொறியாளர்களின் உரிமத்தைப் பறித்தது. அவர்களில் ஒருவரான ஜாக் கில்லம், பிற்காலத்தில் மேடை ஏறித் தன் தவற்றைத் தானே இளைய பொறியாளர்களுக்கு எடுத்துச் சொன்னார். "நாங்கள் பார்த்தோம்" என்ற சொல்லுக்குள் யாருமே பார்க்காமல் போகிற ஓட்டை ஒன்று இருக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பென்சிலால் தேடுவது அந்த ஓட்டையைத்தான்.

இங்கே, நம் காலத்துக்கு வருவோம். 2025 மார்ச் 28, நண்பகல் கடந்த நேரம். 7.7 அளவு நிலநடுக்கம். மண்டலேயில் அடுக்குமாடிகள் சரிந்தன. 1934இல் திறந்த ஆவா பாலம் ஐராவதியில் முறிந்து விழுந்தது. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்த பாங்காக்கில், கட்டிக்கொண்டிருந்த 30 மாடிக்கு மேற்பட்ட அரசுக் கணக்குத் தணிக்கைக் கட்டிடம் கண்ணெதிரே தூளானது. விசாரணை தொடங்கியதும் வந்த செய்திகளில் என்னை உலுக்கியது ஒன்று: ஆவணத்தில் இருக்கும் கையெழுத்து என்னுடையதே இல்லை என்று ஒரு பொறியாளர் போலீஸில் புகார் கொடுத்தார். வயோமிங்கில் 1907இல் கேட்ட கேள்வியை 2025இல் பாங்காக்கில் மறுபடி கேட்டார்கள். சகாயிங் பிளவு மண்டலேயோடு நிற்பதில்லை, தெற்கே பகோ வழியாகக் கடலுக்குப் போகிறது. 1930 மே மாதம் பகோவில் குலுங்கியபோது ரங்கூனிலும் உயிர்கள் போயின. ஆகவே "உங்கள் கட்டிடத்துக்கு நிலநடுக்க விசை எப்படிக் கணக்கிட்டீர்கள்?" என்ற கேள்வி இனி ஒவ்வொரு கட்டுமானப் பொறியாளரின் நேர்காணலிலும் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "சாஃப்ட்வேரில் போட்டோம்" என்று சொல்லிவிடாதீர்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மியன்மார் பொறியியல் மன்றச் சட்டம் 2013இல் வந்தது. பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கக்கூடியவை என்று விதிகள் குறிப்பிடும் பொறியியல் வேலைகளை, மன்றத்தின் பதிவுச் சான்று இல்லாமல் செய்யக் கூடாது என்பது அதன் மையம். பதிவுபெற்ற பொறியாளர், அதற்கு மேல் சீனியர், அதற்கு மேல் தொழில்முறைப் பொறியாளர், அதாவது பி.இ. என்று படிகள். பி.இ. ஆனபின் ஆசியான் பட்டயம், நாம் ஏ.சி.பி.இ. என்று சொல்வது. அதற்கு அடிப்படை 2005 டிசம்பரில் கோலாலம்பூரில் ஆசியான் நாடுகள் கையெழுத்திட்ட பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம். அது கேட்பவை: அங்கீகாரம் பெற்ற பட்டம், சொந்த நாட்டில் செல்லுபடியாகும் பதிவு, பட்டத்துக்குப் பின் குறைந்தது ஏழு ஆண்டு அனுபவம், தொடர் கல்வி, நடத்தை நெறிக்குக் கட்டுப்படுதல். அந்த ஏழு ஆண்டில் குறைந்தது இரண்டு ஆண்டு, குறிப்பிடத்தக்க வேலையொன்றில் பொறுப்பில் இருந்திருக்க வேண்டும். எல்லாரும் ஏழை எண்ணுகிறார்கள். என் வேண்டுகோள், அந்த இரண்டை எண்ணுங்கள். நேர்காணல் முழுக்க அந்த இரண்டு ஆண்டைப் பற்றித்தான்.

உங்களில் பாதிப் பேர் பையில் சிங்கப்பூருக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ அரைகுறையாக நிரப்பிய படிவம் இருக்கிறது, தெரியும். எந்த வாசலில் நின்றாலும் விசாரிப்பு ஒன்றுதான். சிங்கப்பூரில் இரண்டு எழுத்துத் தேர்வும் ஒரு நேர்காணலும். பிரிட்டனில் திறமையை ஐந்து தலைப்பாகப் பிரிக்கிறார்கள்: அறிவு, வடிவமைத்துச் சிக்கல் தீர்ப்பது, பொறுப்பும் தலைமையும், எடுத்துச் சொல்லும் திறன், தொழில் அறம். ஆஸ்திரேலியாவில் உங்கள் வேலையிலிருந்து மூன்று அனுபவங்களை, ஒவ்வொன்றும் 1000 முதல் 2500 சொல்லுக்குள், எழுதித் தரச் சொல்கிறார்கள். குழு செய்ததை எழுதாதே, நீ செய்ததை எழுது, "நான் வடிவமைத்தேன், நான் ஆராய்ந்தேன்" என்று தன்மையில் எழுது என்று அவர்களுடைய வழிகாட்டியே சொல்கிறது. எனக்கு அந்த வழிகாட்டி அன்று கையில் இருந்திருந்தால் ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

சரி, எப்படித் தயாராவது? இரண்டாம் தடவைக்கு நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் டைரி. தினமும் நாலு வரி. என்ன பார்த்தேன், என்ன முடிவெடுத்தேன், ஏன், யாரிடம் சொன்னேன். தேதியில்லாத நினைவை நேர்காணல் நம்பாது. "போன வருஷம் எப்போதோ" என்பதற்கும், "சென்ட்ரிங் பிரிப்பதற்கு முந்தின நாள்" என்பதற்கும் இடையில் இருக்கும் தூரத்தைக் கேட்பவர் உடனே அளந்துவிடுவார். இதுவரை எழுதவில்லை என்றால் இன்று இரவு தொடங்குங்கள். பழையதைச் சைட் ரிஜிஸ்டர், வைபர் செய்தி, போட்டோ தேதி இவற்றிலிருந்து மீட்டெடுக்கலாம். நான் சிமெண்டுக் கடைச் சலானிலிருந்துகூட மீட்டிருக்கிறேன்.

இரண்டாவது, ஒரு திட்டம் போதும். பன்னிரண்டு கட்டிடத்தின் பட்டியலோடு போகாதீர்கள். கல்யாண ஆல்பம் போல் புரட்டிவிட்டு மூடிவிடுவார்கள். ஒரே ஒரு திட்டம், அதில் உங்கள் கைப்பட்ட சிவப்பு மைத் திருத்தம் இருக்கும் ஒரு வரைபடம், நீங்கள் போட்ட ஒரு கணக்குத் தாள். வாடிக்கையாளரின் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதி வாங்காமல் அவர் வரைபடத்தைக் கொண்டுபோனால், தொழில் அறம் என்ற தலைப்பில் நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே மதிப்பெண் போய்விடும்.

மூன்றாவது, எண்கள் விரல் நுனியில் இருக்கட்டும். கம்ப்யூட்டர் காட்டும் நாலு தசமத்தைச் சொல்லவில்லை. 150 மில்லிமீட்டர் ஸ்லாபின் சொந்த எடை என்ன? கான்கிரீட் ஒரு கனமீட்டருக்கு 25 கிலோநியூட்டன், அதில் 0.15, ஆக சதுர மீட்டருக்கு 3.75. ஒரு மீட்டர் சதுரத்தில் ஐந்தாறு பேர் நெருக்கி நிற்கும் எடை. இதை வாயாலேயே சொல்ல வராதவர், சாஃப்ட்வேர் தப்பாகச் சொன்னால் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று கேட்பவர் நினைக்க மாட்டாரா?

நான்காவது, உங்கள் கிளைக்கு வெளியேயும் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். "உங்கள் ஊரின் கழிவுநீர் எப்படிப் போகிறது?" என்று ஒரு தம்பியிடம் கேட்டார்களாம். விழித்திருக்கிறான். நம் டவுனின் பழைய தெருக்களுக்கு அடியில் 1890 வாக்கில் போட்ட ஷோன் முறை இருக்கிறது. ஊர் சமதளம், கழிவு தானாக ஓட வாட்டம் கிடைக்காது. அழுத்தக் காற்றை அனுப்பித் தொட்டியிலிருந்து தள்ளுகிறார்கள். அதன்மேல்தான் தினம் நடந்துபோய் மொஹிங்கா சாப்பிடுகிறோம். அறிவைக் காட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. ஊருக்கு வேலை செய்கிறவன் ஊரைத் தெரிந்துவைத்திருக்கிறானா என்று பார்க்கிறார்கள்.

ஐந்தாவது, கடினமான மூன்று கேள்விகள் நிச்சயம் வரும். நீங்கள் செய்த பிழை ஒன்றைச் சொல்லுங்கள். செய்யக் கூடாது என்று நீங்கள் சொன்னதை உங்கள் மேலதிகாரியோ முதலாளியோ செய்யச் சொன்னபோது என்ன செய்தீர்கள்? சைட்டில் யாராவது காயப்பட்டால் உங்கள் முதல் வேலை என்ன? முதல் கேள்விக்கு "பிழையே இல்லை" என்பவரை யாரும் நம்புவதில்லை. "நான் ரொம்பக் கவனமாக இருப்பதே என் குறை" என்று புத்தகத்தில் படித்ததைச் சொல்பவரைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார்கள். உண்மையான பிழை ஒன்றைச் சொல்லி, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், யாரிடம் ஒப்புக்கொண்டீர்கள், அப்புறம் எதை மாற்றினீர்கள் என்று சொன்னால் போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். தெரிந்துகொள்ள எந்த நூலைப் பார்ப்பேன், யாரைக் கேட்பேன் என்று கூடவே சொல்லுங்கள். ஆனாடே என்று தலையாட்டித் தெரிந்த மாதிரி நடிப்பது, தாங்காத தூணுக்குப் பூச்சு பூசுவது மாதிரி.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தமிழில் பயிற்சி செய்யுங்கள்.

நேர்காணல் பர்மியத்திலோ ஆங்கிலத்திலோ நடக்கும், தமிழில் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இலக்கணம். பர்மிய வினைச்சொல் யார் செய்தது என்று சொல்லாது. நான் போனாலும் நீ போனாலும் அவர் போனாலும் அதே "துவாடே". எழுவாயை விட்டுவிட்டும் பேசலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினைக்குள் புகுந்துகொள்ளலாம். தமிழ் வினைமுற்று விடாது. "நிறுத்து" என்று தொடங்கினால் வாக்கியத்தை முடிக்கும்போது நிறுத்தினேனா, நிறுத்தினோமா, நிறுத்தினாரா என்று சொல்லியே ஆக வேண்டும். ஆளை வினைக்குள்ளேயே வைத்துத் தைத்த மொழி இது. அறிக்கைத் தமிழில் நாம் "பட்டது, பட்டது" என்று பழகியது பின்னால் வந்த நோய். வீட்டுத் தமிழில் யாராவது "சோறு சமைக்கப்பட்டது" என்கிறோமா?

ஆகவே இப்படிச் செய்யுங்கள். உங்கள் அறிக்கையை எடுத்து ஒவ்வொரு வினையின் கீழும் கோடு போடுங்கள். ஒவ்வொன்றையும் வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். "கணக்கிட்டேன்" என்று வந்தால் சிவப்பு. "கணக்கிட்டார்" என்று வந்தால் நீலம். "முடிவு செய்தோம்" என்று வந்தால் பச்சை. பச்சையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்த "ஓம்"க்குள் யார் யார்? அதில் உங்கள் பங்கு என்ன? பிரிக்க முடிந்தால் பிரியுங்கள். உண்மையிலேயே சேர்ந்து செய்தது என்றால் பச்சையாகவே இருக்கட்டும், வெட்கமில்லை. நீலத்தைச் சிவப்பாக்காதீர்கள். மிஸ்திரியின் யோசனையை உங்கள் யோசனை என்று சொன்னால் இரண்டாவது கேள்வியிலேயே வெளுத்துவிடும். "சென்ட்ரிங் முட்டுகளை அப்படி மாற்றலாம் என்று மிஸ்திரி சொன்னார், நான் சுமைக் கணக்குப் பார்த்துச் சரி என்றேன்" என்று சொல்லுங்கள். அதில் இரண்டு பேருக்கும் மரியாதை இருக்கிறது. என் முதல் அறிக்கையில் சிவப்பே இல்லை. திருத்தி எழுதியபோது பதினேழு இடத்தில் வந்தது. ஒன்றுகூடப் பொய்யில்லை.

எழுதி முடித்ததும் பொறியியல் தெரியாத ஒருவரிடம் தமிழில் சொல்லுங்கள். நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தூண், கான்கிரீட், தண்ணீர், கோர் எல்லாம் சொன்னேன். பழக்கதோஷம், "அப்புறம் டெஸ்ட் எடுத்து வேலை நடந்துச்சும்மா" என்று முடித்தேன். அம்மா கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்து, "அதெல்லாம் சரிப்பா, நீ என்ன பண்ணின?" என்றார். வெளிநாட்டுப் பெரியவர் பென்சிலோடு கேட்ட அதே கேள்வி. அம்மாவிடம் "நாங்கள்" என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை. முதல் தடவையாக, "நான்தாம்மா நிறுத்தினேன்" என்று சொன்னேன். சொன்னபிறகு தொண்டையை என்னமோ செய்தது.

"உங்க தாத்தாவும் இந்த ஊர்ல கட்டடம் கட்டினவர்தான்" என்றார் அம்மா. ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, செங்கல் சுமந்து, பிறகு கொத்துக் கரண்டி பிடித்தவர். இந்த டவுனில் எந்தெந்தச் சுவர் அவருடையது என்று எனக்குத் தெரியாது. அவர் கையெழுத்துப் போடத் தெரியாதவர். தெரிந்திருந்தாலும் போட ஒரு இடத்தை அவருக்கு யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். அவர் பேரனுக்கு வரைபடத்தின் வலது மூலையில் ஒரு கட்டம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் பெயரை எழுதிவிட்டு, கேட்கும்போது "நாங்கள்" என்று பின்னால் போய் நிற்பது அடக்கம் ஆகாது என்று அன்றுதான் எனக்குப் பட்டது.

இரண்டாம் தடவை தேறினேன். கேள்விகள் முன்பைவிடக் கடுமையாகத்தான் இருந்தன. அன்று மழை பெய்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள், கோர் சராசரி 84 வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று குடைந்தார்கள். 84 வந்திருந்தால் அந்த விதிப்படி தேறியிருக்காது. தூணைச் சுற்றிப் பெருக்கிக் கட்டச் சொல்லியிருப்பேன், செலவை முதலாளியிடம் நானே போய்ச் சொல்லியிருப்பேன் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

முடிக்கிறேன். மார்ச் 28 நிலநடுக்கம் யாங்கூனில் பெரிய சேதம் செய்யவில்லை. ஆட்டத்தை உணர்ந்தோம், தெருவுக்கு ஓடி வந்தோம், அவ்வளவுதான். அடுத்த நாள் நான் அந்த ஏழு மாடிக் கட்டிடத்துக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. நான் கட்டிய காலத்து முதலாளி இப்போது இல்லை. மூன்றாம் மாடியில் இருக்கும் பர்மியக் குடும்பத்திடம் யார் என்று சொல்லி அனுமதி கேட்டேன். அவர்கள் தேநீர் போடப் போனார்கள். பீரோவை நகர்த்தித் தூணைப் பார்த்தேன். கோர் எடுத்து அடைத்த இடம் பெயின்டுக்கு அடியில் வட்டமாக, கையகலம், இன்னும் தெரிகிறது. டார்ச் அடித்து மேலிருந்து கீழ் வரை விரலால் தடவினேன். விரிசல் இல்லை. மூன்று தூணையும் பார்த்துவிட்டு, அன்றைய தேதி போட்டு டைரியில் எழுதினேன்: பார்த்தேன்.